தெய்வாத்தாள் விற்ற டிராக்டர்

தெய்வாத்தாள் என்ற பேரை நான் முதன்முதலில் கேட்டது நெகமத்தில், ஒரு கல்யாணப் பந்தியில். என் சின்ன மாமனாரின் இரண்டாவது மகளுக்கு அன்று கல்யாணம். எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த அம்மாள் மாப்பிள்ளைக்கு ஒன்றுவிட்ட அத்தை. ரசம் வருவதற்குள் ஊர்க்கதை முழுவதையும் சொல்லி முடித்துவிடுகிற ஆள்.

“எங்க ஊர்ல ஒரு புள்ளை, மாட்டு யாவாரிய நடுரோட்டுல நிறுத்திப்போட்டாளுங்க” என்றாள்.

“அடி ஆத்தா! எதுக்குங்க?”

“அவங்கய்யன் காளைய வித்தாரு. யாவாரி பழைய கயித்தோடயே ஓட்டிக்கிட்டுப் போயிட்டான். இவ பின்னாலயே ஓடிப் போயி, கயித்த அவுத்து எடுத்துக்கிட்டு வந்துபோட்டா. அந்தாளு வேற கயிறு கெடைக்கற வரைக்கும் காளையோட காதப் புடிச்சுக்கிட்டு நின்னானுங்க, பள்ளிக்கூடத்து வாத்தியாராட்டம்!”

பந்தியே சிரித்தது. எங்கள் பக்கத்தில் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுப்பதில்லை. வாங்குகிறவர் புதுக் கயிறு கொண்டுவர வேண்டும். பழைய கயிறு நம் வீட்டிலேயே தங்க வேண்டும். அதுவும் போய்விட்டால் கட்டுத்தறியின் ராசி கூடவே போய்விடும் என்பார்கள். பெரியவர்களே மறந்துபோவதை ஒரு சின்னப் பெண் மறக்கவில்லை என்பதுதான் அந்தக் கதை.

“யாரு பொண்ணுங்க அது? பேரென்ன?”

“தெய்வாத்தா.”

என் தம்பி சுப்பண்ணனுக்கு அப்போது பெண் தேடிக்கொண்டிருந்தோம். ஜாதகம் கைக்கு வருவதற்கு முன்பே நான் முடிவு செய்துவிட்டேன். அடுத்த தையில் அவள் எங்கள் அப்பா வீட்டு மருமகளாக வந்தாள். புருஷனுக்கு அக்காள் என்பதால் என்னை நங்கையா என்று கூப்பிடுவாள். என்னைக் கட்டிக்கொடுத்த தோட்டமும் ஒரு வாய்க்கால் தாண்டித்தான் என்பதால், அவள் வாழ்க்கையில் நடந்தது பெரும்பாலும் என் கண் முன்னால் நடந்தது.

அவள் வந்தபோதே வாசலில் அந்த டிராக்டர் நின்றது. எங்கள் அப்பா வாங்கியது. சீமையிலிருந்து கப்பலில் வந்த வண்டி. சிவப்பு நிறம். பேர் ஒன்று இருந்தது, எங்கள் வாயில் அது நுழையவில்லை. சுற்று வட்டாரத்தில் அதுதான் முதல் டிராக்டர் என்பதால் உழுவதைப் பார்க்கவே வரப்பில் கூட்டம் நிற்கும். சுப்பண்ணன் அதன் மேல் ஏறி உட்கார்ந்தால் சாப்பாட்டு ஞாபகம் இருக்காது. தெய்வாத்தாள் தூக்குப் போசியோடு பின்னாலேயே நடப்பாள். “ஏனுங்க, அதுக்கு டீசல் ஊத்தறீங்க, உங்களுக்குச் சோறு வேண்டாங்களா?” என்று கத்துவாள். அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு இன்னொரு சால் ஓட்டுவான்.

எண்பத்து மூன்றில் பெரிய பஞ்சம். கிணறெல்லாம் வற்றித் தென்னைகள் மொட்டையாக நின்றன. பட்டுப்போன மரங்களை வெட்டிவிட்டு அடிக்கட்டைகளைச் சங்கிலி கட்டிப் பிடுங்கிக்கொண்டிருந்தான் சுப்பண்ணன். சங்கிலியை வண்டியில் தாழ்வாகத்தான் கட்ட வேண்டும். தாழ்வாகக் கட்டினால் மண்ணில் உரசி மாட்டுகிறது என்று அன்று சீட்டுக்கு அடியில் உயரமாகக் கட்டிவிட்டான். தெய்வாத்தாள் கம்பஞ்சோறு கொண்டுபோயிருந்தாள். கட்டை அசையவில்லை. வண்டியின் முன்சக்கரங்கள் இரண்டும் மண்ணை விட்டு எழுந்தன. “எறங்குங்க, ஏனுங்க, எறங்குங்க” என்று அவள் கத்தியது இன்ஜின் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. வண்டி நிமிர்ந்தது, ஒரு நொடி யோசிப்பது போல நின்றது, பிறகு அப்படியே மல்லாக்கச் சாய்ந்தது.

அவனை எடுத்த பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் அதை நிறுத்தத் தெரியவில்லை. எண்ணெய் தீர்ந்து அதுவாக நிற்கும் வரை அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் நாங்கள் அழுதோம்.

பிறகு ஆட்கள் சேர்ந்து வண்டியை நிமிர்த்தி, மாடுகளைப் பூட்டி இழுத்து வந்து, கட்டுத்தறிக்கு அந்தப் பக்கம் கொட்டகையில் விட்டார்கள். ஆளைக் கொன்ற வண்டியை யார் வாங்குவார்கள்? காயலாங்கடைக்காரர் ஒருவர் உடைத்து எடுத்துக்கொள்கிறேன் என்று வந்தார். வாசலில் அதை உடைக்கிற சத்தத்தைக் கேட்க முடியாது என்று தெய்வாத்தாள் அனுப்பிவிட்டாள். ஆள் வைத்துக் கீற்றால் மூடச் சொன்னாள். சரஸ்வதி பூஜைக்கு அரிவாள், மண்வெட்டி, மோட்டார் பம்ப் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைப்பாள். கொட்டகைப் பக்கம் மட்டும் போக மாட்டாள். கோழிகள் அதன் சீட்டில் முட்டையிட்டால் அந்த முட்டையை எடுக்க மாட்டாள்.

அவளுக்கு ஒரே மகன், தனபால். அப்பன் செத்தபோது பள்ளிக்கூடத்துப் பையன். வளர்ந்து ஐ.டி.ஐ. முடித்து, போத்தனூரில் சீனிவாசலு என்ற மேஸ்திரியின் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். பழைய லாரி இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டுகிற பட்டறை. இரண்டு மூன்று வருஷம் கழித்து, தொண்ணூற்றைந்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு வந்தான். இருவரும் நேரே கொட்டகைக்குப் போய்க் கீற்றை விலக்கினார்கள்.

நான் அப்போது மோர் வாங்கப் போயிருந்தேன். தெய்வாத்தாள் கையில் மத்தோடு எழுந்து நின்றாள்.

“அதத் தொடாதே, தனபாலு.”

“தொடாம எப்படீங்கம்மா விக்கறது?”

“விக்கறதா?”

“இப்படியே கெடந்தா யாரு வாங்குவாங்க? ஓடற வண்டின்னா நாலு பேரு வருவாங்க. சரி பண்ணிப்போட்டு வித்தர்லாங்கம்மா. இந்த எடமும் காலியாகும்.”

சீனிவாசலு இன்ஜின் மேல் கையை வைத்துத் தட்டிப் பார்த்தார். “அம்மா, பயப்படாதீங்க. இந்த வண்டிக்கு வயசு என்ர சம்சாரத்துக்கு இருக்கறதவிடக் கம்மி. ஓடுனாலும் அவ சத்தத்துக்கு வராது” என்றார்.

அவள் சிரிக்கவில்லை. மகன் முகத்தையே பார்த்தாள். வண்டி போய்த் தொலைய வேண்டும் என்று பன்னிரண்டு வருஷமாகக் காத்திருந்தவள். அது போவதற்கு இது ஒன்றுதான் வழி என்று புரிந்தது. ஆனால் அந்த வழியில் மகனின் கை அதன் மேல் பட வேண்டியிருந்தது.

“நீ அதும் மேல ஏறி ஓட்டக் கூடாது. மேஸ்திரி ஓட்டிப் பாக்கட்டும். ஓடுச்சுன்னா அன்னிக்கே விக்கோணும். என் தலையில கை வெச்சுச் சொல்லு.”

அவன் தலையில் கை வைத்துச் சொன்னான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவன் வந்தான். இறுகிப்போன இன்ஜினில் மண்ணெண்ணெயை ஊற்றி ஊறவிட்டான். உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து சாமான் தேடினான். கிடைக்காததைப் பட்டறையில் கடைந்து எடுத்தான். துருவைச் சுரண்டச் சுரண்டச் சிவப்பு தெரிந்தது. சீட்டின் ஓரத்தில் அப்பன் கீறி வைத்திருந்த மகன் பேரின் முதலெழுத்து தெரிந்தது. அதன் மேல் மட்டும் பெயிண்ட் அடிக்காமல் விட்டான். ஞாயிறு வந்துபோனவன் சனிக்கிழமையே வர ஆரம்பித்தான். சாப்பிடக் கூப்பிட்டால் “வாரேன், வாரேன்” என்பான், வர மாட்டான். தூக்குப் போசியை எடுத்துக்கொண்டு கொட்டகை வரை போய், உள்ளே நுழையாமல், வெளியில் வைத்துவிட்டுத் திரும்புவாள் தெய்வாத்தாள்.

“நங்கையா, பின்னால இருந்து பாத்தா அதே முதுகுங்க” என்றாள் ஒருநாள் என்னிடம். 

இன்ஜின் முதன்முதலில் பிடித்தது ஒரு மதியம். எங்கள் தோட்டத்தில் இருந்த எனக்கே கேட்டது. முதலில் இருமல் போல இரண்டு தடவை. பிறகு சீராக டுக்டுக்டுக் என்று. நான் ஓடினேன். மேஸ்திரி வண்டியைக் களத்தில் ஒரு சுற்று ஓட்டினார். ஆட்கள் கை தட்டினார்கள். கட்டுத்தறியில் பால் மாடு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு வேலிப் பக்கம் போய் நின்றது. தெய்வாத்தாளைத் தேடினேன். தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

“புதுசாக்கிப் போட்டாங்களாமா? சத்தம் மட்டும் அதேதானுங்க, நங்கையா.”

அன்று சாயங்காலம் மாடு பால் கொடுக்கவில்லை.

வாக்குப்படி தனபால் ஒரு பலகையில் ‘பழைய டிராக்டர், நல்ல நிலையில், விற்பனைக்கு’ என்று எழுதி வேலியில் மாட்டினான். எப்படி மாட்டினான் என்றால், முருங்கைக் கிளைக்குப் பின்னால், தோட்டத்தைப் பார்த்து.

“ஏண்டா கண்ணு, போர்டு ரோட்டப் பாக்கோணுமா, மாட்டப் பாக்கோணுமா?” என்று கேட்டேன்.

“காத்துல திரும்பிப் போச்சுங்கத்தை” என்றான். ஆணி அடித்த பலகை காற்றில் எப்படித் திரும்பும்?

அப்படியும் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களிடம் அவனே குறை சொல்வான். இது டீசல் குடிக்கும் என்பான், சாமான் கிடைக்காது என்பான். கோயமுத்தூரிலிருந்து கிருபாசங்கர் என்று ஒருவர் காரில் வந்தார். ஆழியாறு போகிற வழியில் தங்குகிற ஓட்டல் கட்டிக்கொண்டிருந்தவர். வண்டியைப் பார்த்ததும் அவருக்குப் பிடித்துப்போயிற்று.

“கார்டன்ல நடுவுல நிறுத்தி, சுத்தியும் லைட்டுப் போட்டா பிரமாதமா இருக்குமுங்க. வர்றவங்க குழந்தைங்கள உக்கார வெச்சுப் போட்டோ எடுத்துக்குவாங்க.”

“ஓட்டுவீங்களா?” என்றான் தனபால்.

“ஓட்டறதுக்கு எதுக்குங்க? இன்ஜினக் கூடக் கழட்டிரலாம், பாரம்.”

தனபால் கையைத் துடைத்துக்கொண்டு, “இது குடுக்கறதில்லீங்க” என்றான்.

கார் போன பிறகு தெய்வாத்தாள் அவன் முன்னால் வந்து நின்றாள். அவ்வளவு கோபத்தில் அவளை நான் பார்த்ததில்லை.

“இன்ஜினில்லாம நிக்கும்னா அத விட எனக்கு என்னடா வேணும்? அங்க நின்னா அது யாரையும் கொல்லாது.”

“வண்டி யாரையும் கொல்லலீங்கம்மா. சங்கிலிய மேல கட்டுனது அப்பா.”

“வாய மூடு.”

“நெசத்தச் சொன்னா…”

“நெசத்த நான் பாத்தேன். நீ பாக்கல.”

 அவன் மறுநாள் விடிந்தும் விடியாமலும் எழுந்து, இன்ஜினைப் போடாமல், சும்மா அந்தச் சீட்டில் உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்தாள். அதற்கடுத்த நாளும் பார்த்தாள். ஏறி ஓட்ட மாட்டேன் என்றுதான் வாக்குக் கொடுத்தான். உட்கார மாட்டேன் என்று கொடுக்கவில்லை. என்றைக்காவது சாவியைத் திருப்பிவிடுவான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. இனி மகனை நம்பிப் பயனில்லை, தானே ஆள் பிடிக்க வேண்டும் என்று புறப்பட்டாள்.

அவள் பிடித்த ஆள் பொங்கியண்ணன். என் வீட்டுக்காரருக்குப் பங்காளி முறை. கிணத்துக்கடவில் தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுக்கிற மில் வைத்திருந்தார். தோப்புத் தோப்பாகப் போய் மட்டை இழுத்து வர அவருக்கு ஒரு வண்டி வேண்டியிருந்தது. ஒரு காதுகுத்து விசேஷத்தில், இலை எடுப்பதற்குள் தெய்வாத்தாள் பேச்சை முடித்துவிட்டாள். எங்கள் அப்பா வீட்டுப் பழைய டிரெய்லரும் சேர்த்து. ஒரே ஒரு நிபந்தனை: ஓட்ட அவருடைய டிரைவர் வர வேண்டும், தனபால் ஓட்டமாட்டான்.

“அதுக்கென்னுங்க்கா, என்ர டிரைவரு இருக்கறான். தனபாலு வேணும்னா கூட வந்து சொல்லிக்குடுத்துட்டு வரட்டும்” என்றார் பொங்கியண்ணன்.

“சொல்றதெல்லாம் இங்கயே சொல்லிருவானுங்க.”

தனபாலிடம் சொன்னதும் அவன் பலகையைக் கழற்றிக் கொண்டுவந்து அடுப்பங்கரையில் விறகோடு போட்டான். வண்டியைத் திரும்பவும் ஒரு தடவை துடைத்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பொங்கியண்ணன் டிரைவரோடு வந்தார். வாங்கிய வண்டி வெறுசாக வீடு போகக் கூடாது என்று, எங்கள் தோப்பில் குவிந்து கிடந்த மட்டையையே முதல் பாரமாக ஏற்றச் சொன்னார். டிரெய்லர் நிறைந்து, பக்கத்தில் கழி நட்டு அதற்கு மேலும் ஏற்றினார்கள். எலுமிச்சம்பழம் வைத்தார்கள். டிரைவர் இன்ஜினைப் போட்டான். அப்போதுதான் தெய்வாத்தாள் கொட்டகைப் பக்கம் வந்தாள். தம்பி செத்த பிறகு அந்த வண்டிக்குக் கையெட்டும் தூரத்தில் அவள் வந்தது அன்றைக்குத்தான்.

“நிறுத்துங்க. ஆணியக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க” என்றாள்.

டிராக்டரையும் டிரெய்லரையும் கோக்கிற ஆணி அது. கட்டை விரலைவிடத் தடிமன், கீழே நழுவாமல் இருக்க ஒரு பூட்டுக் கம்பி உண்டு. வண்டியோடு கப்பலில் வந்த சாமான்.

“அம்மா, அது இல்லாம டிரெய்லர் எப்படிப் போகும்?” என்றான் தனபால்.

“மாட்டக் குடுத்தா கயிறு குடுக்கறமா? இது இந்த வாசல்ல நின்ன பொருளு. கோத்து இழுத்தது அந்த ஆணி. பொருளு போகட்டும். ஆணி இங்க இருக்கட்டும். இந்த வாசல்ல இன்னும் ஒரு உசுரு இருக்குது.”

சொல்லும்போது அவள் மகனைப் பார்க்கவில்லை. ஆனால் எந்த உயிர் என்று எல்லோருக்கும் தெரிந்தது. பொங்கியண்ணனுக்கு முகமே மாறிப்போயிற்று.

“அக்கா சொல்றது நாயந்தானுங்க. புது ஆணி நானே கொண்டாந்திருக்கோணும். மறந்துபோட்டேன். கழட்டிக் குடுடா” என்று டிரைவரிடம் சொன்னார்.

அவர் இடத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் இருந்திருந்தால் சிரித்திருப்பார், இல்லை சண்டை போட்டிருப்பார். எங்கள் ஆட்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். கயிற்றைக் கேட்டால் கொடுத்துவிட வேண்டும். களத்தில் நின்ற பத்துப் பேரில் ஒருவருக்கும் அது தப்பாகப் படவில்லை.

ஆணிக்குப் பதிலாக ஒடிந்த கடப்பாரைத் துண்டு ஒன்று கிடைத்தது. துளைக்கு அது சற்று ஒல்லி. தனபால்தான் அதைச் சொருகி, மேலும் கீழும் தேங்காய் நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டினான். ஆட்டிப் பார்த்தான். இன்னொரு சுற்றுச் சுற்றினான்.

“மெதுவாப் போங்கண்ணா. மேட்டுல குலுக்காம எடுங்க” என்று டிரைவரிடம் சொன்னான்.

“கிணத்துக்கடவு போனதும் கொல்லன்கிட்ட புதுசு அடிச்சிரலாம் தம்பி” என்றார் பொங்கியண்ணன்.

தனபால் மொபெட்டை எடுத்தான். ஸ்பேனர் பையை முன்னால் மாட்டினான். தெய்வாத்தாள் அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க?”

“வழியில நின்னு போச்சுன்னா அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்கம்மா. மில்லு வரைக்கும் போயி உட்டுட்டு வந்தர்றேன்.”

“ஏற மாட்டியே?”

“ஏற மாட்டேனுங்க.”

“டிரைவரு எறங்கி நீ ஓட்டுன்னு சொன்னா?”

“ஏற மாட்டேன். பின்னாலயே போறேன். போதுங்களா?”

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கையை எடுத்தாள். “பின்னாலயே போ. பக்கத்துல போகாதே” என்றாள்.

வண்டி வேலியைத் தாண்டியது. அதற்குப் பின்னால் மட்டை மலை போல டிரெய்லர். அதற்குப் பின்னால் அவன். சத்தம் வாய்க்கால் பாலம் வரைக்கும் கேட்டது, பிறகு தார் ரோட்டில் லாரிச் சத்தங்களோடு கலந்து கரைந்தது. தெய்வாத்தாள் ஆணியைக் கழுவி, மஞ்சள் வைத்து, கட்டுத்தறித் தூணில் மாட்டினாள். கொட்டகையைத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். பிறகு என்னைப் பிடித்து உட்கார வைத்துச் சோறு போட்டாள். தானும் தட்டு எடுத்து என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். இரண்டாம் தடவை குழம்பு ஊற்றிக்கொண்டாள். சுப்பண்ணன் போன பிறகு அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

“இனி வெசனமில்லீங்க, நங்கையா. அவனுக்கு ஒரு பொண்ணப் பாத்தரோணும். உங்க மச்சாண்டார் பேத்தி ஒண்ணு இருக்குதல்ல, சூலூர்ல?”

“இருக்குது. கொஞ்சம் கறுப்பு.”

“நாம மட்டும் என்ன வெளுத்துக் கெடக்கறமா?”

இரண்டு பேரும் சிரித்தோம். அப்போது வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ரோட்டோர டீக்கடைக்காரர் இறங்கினார். உள்ளே வரவில்லை. தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் தெய்வாத்தாள் எழுந்தாள்.

“ஏறிட்டானா?” என்றாள்.

“இல்லீங்கம்மா.”

“டிராக்டர்மேல ஏறிட்டானா? சொல்லுங்க.”

“ஏறலீங்கம்மா. பின்னால நின்னானுங்க.”

ரயில்வே கேட்டுக்கு ஏறுகிற மேட்டில் கேட் போட்டிருந்தது. வண்டிகள் வரிசையாக நின்றன. டிராக்டர், டிரெய்லர், அதற்குப் பின்னால் மொபெட்டில் தனபால், அவனுக்குப் பின்னால் ஒட்டினாற்போல ஒரு பஸ். ரயில் போய்க் கேட் திறந்ததும் டிரைவர் கிளச்சை விட்டான். பழக்கமில்லாத வண்டி, ஒரு குலுக்குக் குலுக்கியது. கடப்பாரைத் துண்டு துள்ளி வெளியே வந்தது. கயிறு ஒரு நொடி தாங்கியிருக்கிறது, அவ்வளவுதான். டிராக்டர் முன்னால் போயிற்று. பாரத்தோடு டிரெய்லர் பின்னால் உருண்டது. அவன் ஒதுங்க இடமில்லை. பஸ்ஸுக்கும் டிரெய்லருக்கும் நடுவில் இடது கால் மாட்டிக்கொண்டது.

உயிர் இருக்கிறது என்று கடைசியில்தான் சொன்னார் அந்த மனிதர். அதை முதலில் சொல்லியிருக்கலாம்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள். பொங்கியண்ணன் வராந்தாவில் உட்கார்ந்து அழுதார். “வண்டியில ஒரு கீறல் இல்லீங்க்கா” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஏன் அதைச் சொல்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. சீனிவாசலு மேஸ்திரி பட்டறையைப் பூட்டிவிட்டு ஓடி வந்து, ரத்தம் கொடுக்கப் பட்டறை ஆட்களையெல்லாம் வரிசையில் நிறுத்தினார்.

தனபாலுக்கு நினைவு தெளிந்த அன்று நான் அறையில் இருந்தேன். தெய்வாத்தாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நாந்தான் கழட்டச் சொன்னேன், சாமி.”

“கம்பியச் சொருகுனது நானுங்கம்மா. கயிறு கட்டுனதும் நான். ஒல்லியா இருக்குதுன்னு தெரிஞ்சுதான் கட்டுனேன்.”

“நான் சொல்லாம இருந்தா…”

“விடுங்கம்மா.”

அவர்கள் அதைப் பற்றிப் பேசியது அவ்வளவுதான். அதற்குப் பிறகு என் காதில் எதுவும் விழவில்லை. சூலூர்ப் பேச்சையும் நாங்கள் யாரும் எடுக்கவில்லை.

தனபால் ஊருக்குத் திரும்பவில்லை. போத்தனூர்ப் பட்டறையில் உட்கார்ந்து செய்கிற வேலையை மேஸ்திரி அவனுக்கு ஒதுக்கிக் கொடுத்தார். கட்டைக் கால் பழகிக்கொண்டான். ஆறேழு மாதம் கழித்து நான் பார்க்கப் போனபோது உற்சாகமாகத்தான் இருந்தான். ஸ்டூலுக்கு அடியிலிருந்து ஒரு இரும்புச் சாமானை எடுத்துக் காட்டினான். நீளமான கைப்பிடி, நுனியில் வளைவு.

“என்ன கண்ணு இது?”

“கிளச்சுங்கத்தை. டிராக்டருக்கு இடது கால்லதான் கிளச்சு. இத மாட்டிட்டா கையிலயே அமுக்கிக்கலாம். அளவு எனக்கு மனப்பாடம். சரியா உக்காரும்.”

“எந்த டிராக்டருக்கு?”

 துணியால் அதைத் துடைத்தான்.

 பொங்கியண்ணன் அந்த வண்டியை அன்றைக்கு மில்லில் நிறுத்தியவர்தான், திரும்ப எடுக்கவேயில்லை. விற்றுவிடுவதாக எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். வருகிறவர்கள் சிவப்பைப் பார்த்து ஆசைப்படுவார்கள். கதை காதில் விழுந்ததும் போய்விடுவார்கள். தனபால் மட்டும் மாதத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்துக் கிணத்துக்கடவு போய், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி, இன்ஜினைப் போட்டு ஓடவிட்டுக் கேட்டுவிட்டு வந்திருக்கிறான். நின்றே இருந்தால் இறுகிவிடும் என்று பொங்கியண்ணனிடம் காரணம் சொன்னானாம். கொடுப்பதென்றால் தனக்கே கொடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறான்.

“அத்தை, அது ஒரு தப்பும் பண்ணல” என்றான் என்னிடம். “ரெண்டு தடவையும் அது இழுக்கச் சொன்னத இழுத்துது.”

ஊருக்கு வந்து தெய்வாத்தாளிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியாது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவள் வாளியைக் கீழே வைத்தாள். மாடு குடித்து முடித்ததும் கேட்டாள்.

“பொங்கியண்ணன் குடுப்பாரா?”

“நாங்க சொல்லியிருக்கறம் குடுக்க வேண்டாம்னு. ஆனா அவரு எத்தன நாளைக்கு வெச்சிருப்பாரு, அம்மணி? இவன் கேட்டா அவரால இல்லைன்னு சொல்ல முடியாது. காலப் பாப்பாரு, குடுத்துருவாரு.”

அவளுக்கும் அது தெரிந்தது. அந்த வாரமே தோட்டத்தைக் குத்தகைக்கு விட ஆள் பார்த்தாள். மாடுகளை என் மகனிடம் கொடுத்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் எங்கள் ஊரை விட்டு இரண்டு நாள் சேர்ந்தாற்போல வெளியில் தங்கியதில்லை. “அங்க போயி என்ன பண்ணுவ?” என்று கேட்டேன்.

“எதுவும் பண்ண மாட்டேனுங்க. அவன் போற பஸ்ஸுல நானும் ஏறுவேன். அவன் எறங்கற எடத்துல நானும் எறங்குவேன். என்ன வெலக்கிட்டு அதுல ஏறட்டும், பாக்கலாம்.”

போன மாதம் நான் போத்தனூர் போயிருந்தேன். அம்மாவும் மகனும் சண்டை போடுவதில்லை. சாப்பிடும்போது அவனுக்கு இன்னும் தூக்குப் போசியில்தான் போடுகிறாள், பட்டறைக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறாள், அவன் சாப்பிட்டு முடிக்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண்கள், இப்படி ஒரு அம்மா கிடைக்குமா என்று பேசிக்கொள்கிறார்கள். பொங்கியண்ணனுக்குச் சர்க்கரை கூடிவிட்டது, மில்லையே விற்றுவிடப் பார்க்கிறார் என்று கேள்வி. வண்டி இன்னும் அங்கேதான் நிற்கிறது.

தெய்வாத்தாள் இப்போது போத்தனூரில், சீனிவாசலு மேஸ்திரி பட்டறைக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில், மகனோடு இருக்கிறாள்.